நோயாளியின் அறையில் குடும்பத்துக்கு எங்கே இடம்?

தமிழ்நாட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, “கூட யார் இருக்கீங்க?” என்பது. அப்படிக் கூட இருப்பவர் இல்லாமல் நம் வார்டுகளில் ஒரு நாள் நகராது. டிரிப்ஸ் தீரும்போது சிஸ்டரைக் கூப்பிடுவது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது, உடம்பு துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, நடு இரவில் மூச்சுத் திணறினால் முதலில் கவனிப்பது எல்லாம் அவர்தான். இத்தனையும் செய்பவருக்குக் கட்டடத்தின் வரைபடத்தில் என்ன இடம் இருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. பகலில் ஒரு ஸ்டூல். இரவில் கட்டிலுக்கு அடியிலோ வராந்தாவிலோ விரித்த பாய்.

நோயாளியின் அறையை எப்படி அமைத்தால் குடும்பத்தார் சிகிச்சைக்கு உண்மையான துணையாக இருக்க முடியும்? கடந்த எழுபது ஆண்டுகளில் மருத்துவர்களும் செவிலியர்களும் கட்டடக் கலைஞர்களும் இதற்குப் பல நாடுகளில் விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்பதும், அவற்றில் நமக்கு எது பொருந்தும் என்று சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம். கூட இருப்பதும் பராமரிப்பில் பங்கெடுப்பதும் வேறு வேறு. முதலாவது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு இடமும் தகவலும் பயிற்சியும் வேண்டும். இடம் இல்லாத வார்டில் மற்ற இரண்டும் நிலைப்பதில்லை.

வெளியே நிறுத்தப்பட்ட குடும்பம்

இன்றைய வார்டின் வடிவத்துக்குப் பெரும் பங்களித்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1859இல் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், நீண்ட கூடம் போன்ற வார்டை வலியுறுத்தியது. இருபுறமும் சுமார் 30 கட்டில்கள், அவற்றுக்கிடையே உயரமான சன்னல்கள், வார்டு முழுவதையும் ஒரே பார்வையில் காணக்கூடிய இடத்தில் நர்ஸ். 1871இல் லண்டனில் திறக்கப்பட்ட புதிய செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த முறையில் எழுந்தது. காற்றும் வெளிச்சமும் கண்காணிப்பும் அதன் பலம். அவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தில் நோயாளியும் நர்ஸும் மருத்துவரும் மட்டுமே இருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் நம் ஊர்களில் எழுந்த பெரிய மருத்துவமனைகளும் ஏறத்தாழ இதே அமைப்பைப் பின்பற்றின. இங்கே குடும்பம் வார்டுக்குள் வந்துவிட்டது. கட்டடம் மட்டும் அதை எதிர்பார்க்கவில்லை.

மேலை நாடுகளில் நிலைமை இன்னும் கடுமை. தொற்று பரவும் என்ற அச்சத்தாலும் வார்டின் ஒழுங்கு குலையும் என்ற எண்ணத்தாலும் பார்வையாளர் நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெற்ற தாய்கூட மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையை வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே பார்க்க முடிந்த காலம் அது. நியூகாசில் நகரக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளோடு சேர்த்துத் தங்கவைத்தார் என்றாலும் அவர் விதிவிலக்கு. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மருத்துவமனையில் தாயைப் பிரிந்து தவிப்பதைப் படமாக எடுத்துக் காட்டியபோது பிரிட்டிஷ் மருத்துவ உலகில் பெரும் விவாதம் எழுந்தது. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு தாயும் தங்க இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று உலகின் பல குழந்தைகள் வார்டுகளில் கட்டிலருகே பெற்றோருக்கு ஒரு படுக்கை இருக்கிறதென்றால் அதற்கான வழியைத் திறந்தவற்றில் இந்த அறிக்கை முக்கியமானது.

நம் நாட்டு முன்னோடிகள்

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் இருவேறு இடங்களில் இன்னொரு முயற்சி நடந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். மனநோயாளியைப் பூட்டிவைத்துக் குடும்பத்திலிருந்து பிரிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. வேலூர் சிஎம்சியின் மனநல மையம் 1950களின் பிற்பகுதியிலிருந்து, நோயாளியோடு ஒரு குடும்ப உறுப்பினரும் உடன் தங்கும் முறையைத் தன் சிகிச்சையின் அடிப்படையாகவே வைத்துக்கொண்டது.

இந்த முறையில் உறவினர் நோயைப் பற்றி அறிந்துகொள்கிறார். மருந்தை எப்படிக் கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் கண்ணால் கண்டு பழகுகிறார். வீட்டுக்குத் திரும்பும்போது நோயாளியோடு ஒரு பயிற்சி பெற்ற துணைவரும் போகிறார். செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழியாகவும் இது தொடங்கியிருக்கலாம். ஆனாலும் அதன் பலன் அந்தப் பற்றாக்குறையைத் தாண்டி நின்றது. குடும்பம் தங்குவதற்கென்றே இடம் திட்டமிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேலை நாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வேலூரே சான்று.

அமெரிக்காவில் இந்தச் சிந்தனை சற்றுப் பிந்தி வந்தது. ஆஞ்செலிகா தியெரியட் என்ற பெண், மருத்துவமனையில் தனக்கு நேர்ந்த தனிமையைக் கண்டு 1978இல் பிளேன்ட்ரீ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1985இல் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் 13 படுக்கைகளோடு அவ்வமைப்பின் மாதிரி வார்டு திறக்கப்பட்டது. நேரக் கட்டுப்பாடு இல்லாத வருகை, குடும்பத்தார் பயன்படுத்தச் சமையலறை, நோயாளி தன் மருத்துவக் குறிப்பைத் தானே படிக்கும் உரிமை ஆகியவை அதன் அடையாளங்கள். ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு திருப்பம். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. வெறும் 46 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் அறையின் அமைப்பு உடல் தேறுவதைப் பாதிக்கும், அதை அளந்தும் பார்க்கலாம் என்ற எண்ணம் அதன்பின் வேரூன்றியது.

பச்சிளங்குழந்தைகள் வார்டு சொல்லும் சேதி

குடும்பத்துக்கு இடம் கொடுத்தால் உயிரே பிழைக்கும் என்பதற்கு மிக வலுவான சான்று பிறந்த குழந்தைகள் வார்டிலிருந்துதான் வந்திருக்கிறது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கும் முறை தொடங்கியது. இன்று கங்காரு முறை என்று அது உலகெங்கும் அறியப்படுகிறது. நெடுங்காலம் குழந்தையின் நிலை சீரான பிறகே இதைத் தொடங்கினார்கள். அதுவரை குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தாய் வேறு வார்டிலும் இருப்பார்கள்.

பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டது. 3,211 குழந்தைகள் பங்கேற்றனர். வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் 15.7 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்தன. உடனடிக் கங்காரு முறையில் 12 விழுக்காடு. நான்கில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. இந்த ஆய்வுக்காக வாங்கப்பட்ட புதிய மருந்து எதுவும் இல்லை. தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்ததும், தாய்க்குத் தேவையான பிரசவப் பின்கவனிப்பை அங்கேயே கொடுத்ததும்தான் மாற்றம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் இதற்கெனத் தாய்-சேய் தீவிர சிகிச்சைப் பிரிவு உருவானது.

வசதியான நாடுகளிலும் இதே திசையில்தான் சான்றுகள் நிற்கின்றன. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பெற்றோர் இரவும் பகலும் குழந்தையோடு தங்கும்படி அமைத்த பிரிவுகளில், குறைமாதக் குழந்தைகள் சராசரியாக ஐந்து நாட்களுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குப் பயிற்சி அளித்துப் பராமரிப்பில் சேர்த்துக்கொண்ட அனுபவத்தின் தொடர்ச்சியாக, 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. குழந்தையைத் தொடும் முன் கை கழுவுவது முதல் ஆபத்தான அறிகுறிகளைக் கண்டுகொள்வது வரை பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கப்படுகிறது.

முதியவர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும்

மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்குத் திடீரென்று வரும் மனக்குழப்பம் பல குடும்பங்களுக்குத் தெரிந்ததே. இருக்குமிடம் தெரியாமல் பிதற்றுவார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள், இரவெல்லாம் தூங்கமாட்டார்கள். சிலி நாட்டில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தாரே நோயாளியின் அருகில் அதிக நேரம் இருந்து, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பேசிக்கொண்டும், கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டுவிட்டும், வீட்டுப் பொருட்கள் சிலவற்றைக் கண்ணெதிரே வைத்தும் பார்த்தார்கள். அறையில் கடிகாரமும் நாட்காட்டியும் மாட்டப்பட்டன. குழப்பம் வந்தவர்கள் 13.3 விழுக்காட்டிலிருந்து 5.6 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஒரு கடிகாரம், ஒரு நாட்காட்டி, ஒரு நாற்காலி, பழகிய ஒரு முகம் இவ்வளவுதான் செலவு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 12 மணி நேரம் வரை குடும்பத்தாரை அனுமதித்தபோதும் நோயாளிகளின் மனக்குழப்பம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதே நேரத்தில் தொற்று கூடவும் இல்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் 2006இல் வெளியான சிறிய ஆய்வில், கட்டுப்பாடற்ற வருகையின்போது அறையில் கிருமிகள் கூடினாலும் நோயாளிகளுக்குத் தொற்று கூடவில்லை. இதயம் சார்ந்த சிக்கல்கள் குறைந்தன. எனவே குடும்பம் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. குடும்பம் வந்தால் கெடுதல் என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அறைக்குள் மூன்று பகுதிகள்

இந்த அனுபவங்களிலிருந்து வடிவமைப்பாளர்கள் ஒரு பொதுவான அமைப்புக்கு வந்திருக்கிறார்கள். அறை மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. கதவருகே மருத்துவப் பணியாளர் பகுதி. உள்ளே நுழைந்ததும் கை கழுவும் தொட்டி அங்கேதான் இருக்கும். நடுவில் நோயாளியின் கட்டில். சன்னலோரம் குடும்பத்தின் பகுதி. நள்ளிரவில் அவசரம் வந்து டிராலியோடு நான்கு பேர் ஓடிவந்தாலும், சன்னலோரத்தில் இருக்கும் குடும்பத்தார் எழுந்து வழிவிட வேண்டியதில்லை. அவர்களை வெளியே அனுப்பாமலே வேலை நடக்கும். குடும்பத்தின் இடம் கதவருகே அமைந்துவிட்டால் அவர்கள் எப்போதும் யாருக்கோ இடைஞ்சலாகவே இருப்பார்கள்.

அந்தச் சன்னலோரப் பகுதியில் சில நுணுக்கங்கள் முக்கியம். பகலில் உட்காரவும் இரவில் நீட்டிப் படுக்கவும் ஏற்ற சோபா வேண்டும். படுத்தபடியே நோயாளியின் முகம் தெரிய வேண்டும். நோயாளியின் தூக்கம் கெடாமல் எரியத் தனி விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு பிளக், பூட்டக்கூடிய சிறு அலமாரி தேவை. மருத்துவர் வரும்போது எதிரெதிரே உட்கார்ந்து பேச நாற்காலிகள் இருக்க வேண்டும். நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லும் தகவல் நெஞ்சில் பதியாது. இன்றைய நர்ஸின் பெயர், இன்று செய்யப்போகும் பரிசோதனை, வீட்டுக்கு அனுப்பும் உத்தேச நாள் ஆகியவற்றை எழுதும் வெள்ளைப் பலகை ஒன்று, குடும்பத்தார் கேட்க நினைக்கும் கேள்விகளையும் எழுதிவைக்க உதவும்.

கழிப்பறையில் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். நோயாளியைத் தாங்கிப் பிடிப்பவரும் உள்ளே நிற்குமளவு அது அகலமாக இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, அழைப்பு மணி மூன்றும் அவசியம். கைத்தாங்கலாக அழைத்துப்போகும் மகளோ மனைவியோ தானும் வழுக்கிவிழும் ஆபத்து இங்குதான் அதிகம்.

தனியறைதான் தீர்வா?

அமெரிக்காவின் மருத்துவமனைக் கட்டட வழிகாட்டுதல் 2006இல் புதிய பொது வார்டுகளுக்கு ஒருவர் ஓர் அறை என்பதையே தரமாக்கியது. இங்கிலாந்தில் 2011இல் பெம்பரியில் திறக்கப்பட்ட மருத்துவமனை முழுவதும் தனியறைகளால் ஆனது. அங்கே நடந்த விரிவான ஆய்வில் நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தனியறையை விரும்பினார்கள். நர்ஸ்களுக்கோ நடக்க வேண்டிய தூரம் கூடியது. ஒரே பார்வையில் எல்லோரையும் காண முடியாமல் போனது. தொற்றோ கீழே விழுவதோ குறைந்ததற்குத் தெளிவான ஆதாரமும் கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமான பாடம் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளிலிருந்தே வருகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2014இல் வெளியான ஆய்வில் தனியறைக் குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள்; தாயின் பங்கேற்பு கூடியதே அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த ஆய்வு நேர்மாறாக இருந்தது. தனியறையில் வைக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் இரண்டு வயதில் மொழி வளர்ச்சியில் பின்தங்கினார்கள். அங்கே பெற்றோரின் வருகை குறைவு. அமைதியான அறையில் குழந்தை பேச்சொலி கேட்காமல் தனியே கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை தெளிவு: சுவர் குணமாக்குவதில்லை. குடும்பம் வந்து தங்க முடியும்போதே அறை பயன்படுகிறது. வேலையை விட்டுவிட்டு வர முடியாத, பேருந்துக்குக் காசில்லாத பெற்றோருக்குத் தனியறை கட்டிக்கொடுத்தால் மட்டும் போதாது.

மறுபக்கம்

தென்கொரியாவிலும் நம்மைப் போலவே குடும்பத்தார் நோயாளியின் கட்டிலருகே தங்கிப் பராமரிப்பது நெடுநாள் வழக்கம். பலர் படுத்திருக்கும் நெருக்கமான வார்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகே உறவினருக்கு ஒரு தாழ்வான குறுகிய படுக்கை இருக்கும். 2015இல் மெர்ஸ் நோய் அங்கே பரவியபோது 186 பேர் பாதிக்கப்பட்டு 38 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயாளியைக் கவனித்துக்கொண்ட உறவினரும் பார்க்க வந்தவர்களும். அதன்பின் அந்நாடு கட்டில்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டியது. ஓர் அறையில் எத்தனை கட்டில் என்பதற்கு வரம்பு வைத்தது. உறவினர் தங்காமல் செவிலியரே முழுப் பராமரிப்பையும் தரும் வார்டுகளை விரிவாக்கியது. இட நெருக்கடிக்கு நடுவே குடும்பத்தை வெறுமனே அனுமதிப்பது ஆபத்து. இடம் ஒதுக்கித் திட்டமிட்டு அனுமதிப்பதே பாதுகாப்பு.

இன்னொரு கேள்வியும் தவிர்க்க முடியாதது. செவிலியர் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதற்குப் ‘பங்கேற்பு’ ஒரு நல்ல பெயராகிவிடக் கூடாது. நம் வார்டுகளில் கூட இருப்பவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் இழக்கும் கூலியும் தூக்கமும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கூட யாரும் இல்லாதவர்களும் வார்டில் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பராமரிப்பு குறையக் கூடாது. நோயாளியின் விருப்பமும் முக்கியம். எல்லா உறவும் எல்லா நேரமும் ஆறுதல் தருவதில்லை. பரிசோதனையின்போது யார் உடனிருக்கலாம் என்பதை நோயாளியே முடிவுசெய்ய வேண்டும்.

நம் பொது வார்டில் என்ன செய்யலாம்?

அரசு மருத்துவமனையின் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியறை இன்றைக்கு நடைமுறைக்கு வராது. அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. இருக்கும் கூடம் போன்ற வார்டிலேயே கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை போடலாம். சுவரோரம் மடித்து விரிக்கும் பலகைப் படுக்கை அமைக்கலாம். கட்டிலுக்கு ஒரு பூட்டுள்ள பெட்டி, பை மாட்ட ஒரு கொக்கி, ஒரு நாற்காலி வைக்கலாம். ஒவ்வொரு தளத்திலும் குடிநீர், கூட இருப்பவர்களுக்கான தனிக் கழிப்பறை, குளிக்கவும் துணி துவைக்கவும் இடம், தூக்குவாளியும் ஃபிளாஸ்க்கும் கழுவ ஒரு தொட்டி வேண்டும். பெண்கள் தங்கும் கூடத்துக்கு இரவு முழுவதும் வெளிச்சமும் காவலும் வேண்டும்.

பிரசவ அறையைப் பாருங்கள். பிரசவிக்கும் பெண்ணோடு உறவுப்பெண் ஒருவர் இருக்கலாம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு 2000களின் நடுப்பகுதியிலேயே கொண்டுவந்தது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு, தொடர்ந்து துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று காட்டியிருக்கிறது. ஆனால் ஒரே அறையில் திரையில்லாமல் வரிசையாக மேசைகள் கிடந்தால், அடுத்த மேசையில் இருக்கும் பெண்ணின் மானம் கருதித் துணைவரை உள்ளே விட நர்ஸ் தயங்குவார். அரசாணை அனுமதித்ததைக் கட்டடம் மறுத்துவிடுகிறது. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைகளில் தனித்தனித் தடுப்புகளை வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரவு பகலாகக் காத்துக்கிடக்கும் குடும்பத்தாரின் பதற்றமும் கட்டடத்தோடு தொடர்புடையது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத அச்சம் கோபமாக மாறும்போது மருத்துவர்கள் தாக்கப்படுகிறார்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் தேவை. அதோடு, நாளுக்கு ஒருமுறை குறித்த நேரத்தில் மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து பேச ஒரு சிறிய அறையும் தேவை. கெட்ட செய்தியை வராந்தாவில் நின்றபடி சொல்லவும் கேட்கவும் யாருக்கும் நேரக் கூடாது.

பயிற்சிக்கும் இடம் வேண்டும். நூரா ஹெல்த் என்ற அமைப்பு கர்நாடகத்தில் நாராயணா மருத்துவமனைகளில் தொடங்கி, வார்டில் காத்திருக்கும் உறவினர்களுக்குக் காயத்தைக் கவனிப்பது, உணவு, உடற்பயிற்சி, ஆபத்து அறிகுறி ஆகியவற்றைச் செவிலியர் மூலம் கற்றுக்கொடுத்து வருகிறது. பத்துப் பேர் உட்காரும் ஒரு மூலை, ஒரு திரை, ஒரு செவிலியர் இருந்தால் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் இன்சுலின் ஊசி போடுவதும் படுத்த படுக்கையானவரைப் புரட்டிவிடுவதும் குடும்பத்தார்தான். அதை அவர்கள் முதன்முறையாக வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும்படி விடுவது தவறு. நர்ஸின் கண்ணெதிரே, வார்டிலேயே செய்து பழக வேண்டும்.

தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. வரைபடத்தில் படுக்கைகளின் எண்ணிக்கை இருக்கிறது; அறுவை அரங்கு, லேப், லிஃப்ட் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு துணைவர் உண்டு என்ற உண்மையும் அதே தாளில் இடம்பெற வேண்டும். ஒரு படுக்கை என்றால் நோயாளிக்கு ஓர் இடம், கூட இருப்பவருக்கு ஓர் இடம் என்று இரண்டையும் சேர்த்தே அளவு குறிக்கும் விதியை அரசு கொண்டுவர வேண்டும். கட்டிய பின் கூட்டுவதைவிட வரையும்போதே சேர்ப்பது மிக மலிவு. வார்டில் பணிபுரியும் செவிலியரையும் அங்கே தங்கியிருந்த தாய்மாரையும் அழைத்துக் கேட்டுவிட்டு அந்த வரைபடத்தில் கையெழுத்திடுங்கள் என்பதே பொறியாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் நம் வேண்டுகோள்.